சொல்லழுத்தம்: குறிப்பிலிருந்து படவில்லைக்கு

நுழையும்முன்

பேசும்போது ஒரு சொல்லை அழுத்திச் சொல்வதற்குக் குரல் துணைசெய்கிறது. எழுதும்போது அப்பணியைத் தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் அடிக்கோடும் வண்ணமும் மேற்கொள்கின்றன. கணினியில் எளிய உரையாக எழுதப்பட்ட குறிப்பு, அவையோர்முன் காட்டும் படவில்லையாக மாறும்போது அந்த அழுத்தத்திற்கு என்ன நேர்கிறது? எழுதியவர் எண்ணிய பொருளைக் காண்பவர் பெறுமாறு அதனை எவ்வாறு அமைத்துக்கொள்வது? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மொழியில் அழுத்தம்

ஒரு தொடரிலுள்ள சொற்கள் அனைத்தும் ஒரே எடையுடையன அல்ல. 'கரை உடைந்ததற்கு மழை காரணம்' என்பதும் 'கரை உடைந்ததற்கு மழையே காரணம்' என்பதும் ஒரே செய்தியைத் தருவதுபோல் தோன்றினும், பின்னது பிற காரணங்களை விலக்கி உறுதி கூறுகிறது. இவ்வேறுபாட்டை உண்டாக்குவது 'ஏ' என்னும் ஓர் இடைச்சொல். தொல்காப்பியம் ஏகார இடைச்சொல்லுக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களைக் கூறுகிறது. அவற்றுள் தேற்றமும் பிரிநிலையும் அழுத்தத்தோடு நேரடித் தொடர்புடையவை. 'தான்' என்னும் சொல்லும், 'பாம்பு பாம்பு' போன்ற அடுக்குத்தொடரும், சொற்களை முன்பின்னாக மாற்றி அமைக்கும் முறையும் இப்பணியையே செய்கின்றன.

எனவே, தமிழில் அழுத்தம் முதலில் இலக்கணத்தால் அமைவது. எழுத்தின் தோற்றத்தை மாற்றி அழுத்தம் தருவது அச்சுக்கலையோடு வளர்ந்த வழக்கம். இவ்விரண்டையும் பிரித்தறிந்தால்தான் கணினி தரும் வசதியைப் பொருத்தமாகப் பயன்படுத்த இயலும்.

சாய்வெழுத்தின் வரலாறு

இன்று ஆங்கில நூல்களில் அழுத்தத்தின் அடையாளமாக விளங்கும் சாய்வெழுத்து, தொடக்கத்தில் அழுத்தத்திற்காக உருவாக்கப்பட்டதன்று. இத்தாலியின் வெனிசு நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ், 1501ஆம் ஆண்டில் வெர்ஜிலின் கவிதை நூலைச் சிறிய அளவில் வெளியிட்டார். அந்நூல் முழுவதும் சாய்வெழுத்தில் அச்சிடப்பட்டது. அவ்வெழுத்துகளைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்காலக் கற்றோரின் விரைவுக் கையெழுத்தே அதற்கு முன்மாதிரி. பின்னரே, நேரெழுத்துகளுக்கு நடுவே ஒரு சொல்லை வேறுபடுத்திக் காட்டும் துணையெழுத்தாகச் சாய்வெழுத்து மாறியது.

எல்லா எழுத்து மரபுகளும் இவ்வழியைப் பின்பற்றவில்லை. ஃபிராக்டூர் என்னும் பழைய வடிவில் அச்சிடப்பட்ட ஜெர்மன் நூல்கள், அழுத்தவேண்டிய சொல்லின் எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டு அச்சிட்டன. மேலிருந்து கீழாக எழுதப்படும் ஜப்பானிய உரையில், அழுத்தவேண்டிய ஒவ்வோர் எழுத்துக்கும் அருகே ஒரு புள்ளி இடும் வழக்கம் உண்டு. ஒவ்வோர் எழுத்து முறையும் தன் வடிவத்திற்கேற்ற அழுத்தத்தைத் தானே கண்டுகொண்டது என்பதை இவை உணர்த்துகின்றன.

குறி வேறு, தோற்றம் வேறு

கையெழுத்துப்படியிலும் தட்டச்சுப்படியிலும் சாய்வெழுத்தை எழுத வழியில்லை. ஆகவே, ஆங்கில நூலாசிரியர்கள் சாய்வெழுத்தில் வரவேண்டிய சொல்லுக்குக் கீழே கோடிட்டு அச்சகத்திற்கு அனுப்பினர். அச்சுக்கோப்பவர் அக்கோட்டைக் கோடாக அச்சிடமாட்டார். அச்சொல்லைச் சாய்வெழுத்தில் கோப்பார். அங்கே கோடு என்பது தோற்றமன்று, ஒரு கட்டளை.

கணினியின் எளிய உரையும் இந்நெறியிலேயே இயங்குகிறது. எளிய உரை என்பது எழுத்துகளும் குறிகளும் மட்டுமே கொண்ட கோப்பு. எழுத்தின் அளவு, தடிப்பு, வண்ணம் ஆகியவை அதில் இடம்பெறுவதில்லை. மின்னஞ்சலின் தொடக்க காலத்தில் இத்தகைய உரையை மட்டுமே அனுப்ப முடிந்தது. அப்போது சிலர், அழுத்தவேண்டிய சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டு எழுதினர். நட்சத்திரக் குறி என்றும் இது வழங்கப்பெறும். படிப்பவர் அக்குறியைக் கண்டு, அச்சொல்லை மனத்துள் அழுத்திப் படித்துக்கொண்டார்.

இவ்வழக்கத்தை ஒழுங்குபடுத்திய முறைகளுள் இரண்டு இன்று பெரிதும் அறியப்பட்டவை. வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003இல் உருவாக்கிய ஆர்க் மோடு ஒன்று. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் மற்றொன்று. மார்க்டவுனில் ஒற்றை உடுக்குறி அழுத்தத்தையும் இரட்டை உடுக்குறி மிகுந்த அழுத்தத்தையும் குறிக்கும். அவை பெரும்பாலும் முறையே சாய்வெழுத்தாகவும் தடித்த எழுத்தாகவும் தோன்றும். ஆர்க் மோடிலோ ஒற்றை உடுக்குறியே தடித்த எழுத்தைக் குறிக்கும். சாய்வெழுத்துக்குச் சாய்கோடு பயன்படும். ஒரே குறி ஒரு முறையில் ஒன்றாகவும் மற்றொரு முறையில் வேறாகவும் பொருள்படுவதிலிருந்து, குறிக்கும் தோற்றத்திற்கும் இடையே உள்ளது மனிதர் வகுத்துக்கொண்ட உடன்பாடே என்பது விளங்கும். உடன்பாடு என்பதால் அதனை மாற்றியமைக்கவும் இயலும்.

குறிப்பு படவில்லையாகும் முறை

எளிய உரையில் எழுதிய குறிப்பைப் படவில்லையாக மாற்றித் தரும் மென்பொருளை மாற்றி எனலாம். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட பாண்டாக் அத்தகைய ஒரு மாற்றி. அது ஒரே குறிப்பிலிருந்து அச்சிடத்தக்க கட்டுரையையும், இணைய உலாவியில் இயங்கும் படவில்லைகளையும், பவர்பாயின்ட் கோப்பையும் உருவாக்க வல்லது. ஆர்க் மோடும் தனக்குள்ளேயே இத்தகைய மாற்றியைக் கொண்டுள்ளது.

மாற்றி மூன்று படிகளில் செயற்படுகிறது. முதற்படியில் குறிப்பைப் படித்துத் தலைப்பு, பத்தி, பட்டியல், அழுத்தம் எனப் பகுத்துக்கொள்கிறது. இரண்டாம் படியில் அப்பகுப்பைக் கிளைகளுடைய மரம்போன்ற அமைப்பாக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இந்நிலையில் உடுக்குறிகள் மறைந்துவிடுகின்றன. 'இச்சொல் அழுத்தத்திற்குரியது' என்னும் செய்தி மட்டும் எஞ்சுகிறது. மூன்றாம் படியில் அந்த மரத்தைக் கேட்கப்பட்ட வடிவத்தில் எழுதித் தருகிறது. அழுத்தத்திற்கு எத்தோற்றம் தருவது என்பது இம்மூன்றாம் படியில்தான் முடிவாகிறது. பயன்படுத்துபவர் எதுவும் சொல்லாவிடின், மென்பொருளை உருவாக்கியவர் வைத்த இயல்புத் தோற்றமே அமையும்.

தெரிந்து தெளிவோம்

படவில்லைகளை உருவாக்கப் பயன்படும் பீமர் என்னும் தொகுப்பின் முதல் வடிவத்தை, டில் டான்டாவ் 2003இல் தம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக உருவாக்கினார். லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய லேடெக் என்னும் ஆவண அமைப்பு முறையின்மேல் அது இயங்குகிறது. லேடெக்கில் அழுத்தத்திற்கான கட்டளை நேரெழுத்துக்கு நடுவே வந்தால் சொல் சாய்வாகும். சாய்வெழுத்துக்கு நடுவே வந்தால் நேராகும். சூழலிலிருந்து வேறுபட்டுத் தோன்றுவதே அழுத்தம் என்னும் கருத்து அக்கட்டளைக்குள் அமைந்துள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

ஏரிகளைப் பற்றி உரையாற்ற எண்ணும் மாணவர் ஒருவர், மார்க்டவுன் முறையில் பின்வருமாறு குறிப்பு எழுதியதாகக் கொள்ளலாம்.

ஏரியில் மிகையாகச் சேரும் நீர் வெளியேறும் அமைப்பு *கலிங்கு*.
பாசனத்திற்கு நீரைத் திறந்துவிடும் வாயில் *மதகு*.
வெள்ளக் காலத்தில் கலிங்கை **அடைக்கக் கூடாது**.

முதல் இரண்டு வரிகளில் குறிக்கப்பட்டவை கலைச்சொற்கள். மூன்றாம் வரியில் குறிக்கப்பட்டது எச்சரிக்கை. கலைச்சொல்லைக் காண்பவர் அதனை நினைவில் இருத்தவேண்டும். எச்சரிக்கையைக் காண்பவர் அதன்படி நடக்கவேண்டும். கலிங்கு அடைபட்டு நீர் கரைமீது வழிந்தால் மண்கரை அரிக்கப்பட்டு உடையக்கூடும். இவ்விரு வகை அழுத்தங்களும் படவில்லையில் வேறுபட்டுத் தோன்றுவது இன்றியமையாதது.

இதே குறிப்பை ஆர்க் மோடில் எழுதும் ஒருவர், மூன்று இடங்களிலும் ஒற்றை உடுக்குறியை இட்டுப் பீமர் படவில்லையாக மாற்றினால் என்ன நிகழும்? ஆர்க் மோடு, கட்டுரையில் தடித்த எழுத்தாக்கும் சொல்லைப் பீமர் படவில்லையில் 'விழிப்பூட்டும் சொல்' எனக் கொள்கிறது. பீமரின் இயல்பு அமைப்பில் அவ்வகைச் சொல் சிவப்பு வண்ணம் பெறும். எனவே கலிங்கு, மதகு, அடைக்கக் கூடாது ஆகிய மூன்றும் சிவப்பாகும். பெயரும் எச்சரிக்கையும் ஒரே குரலில் ஒலிக்கும். குறிப்பில் பிழையில்லை; மென்பொருளிலும் பிழையில்லை. எழுதியவர் தம் கருத்தை மாற்றிக்குத் தெரிவிக்கவில்லை என்பதே குறை.

தமிழ் எழுத்துக்குப் பொருந்துவது

ஆங்கில எழுத்துக்குச் சாய்வு வடிவம் தனியே வரையப்படுகிறது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அத்தகைய தனி வடிவம் இல்லை. அவ்விடத்தில் மென்பொருள் நேரெழுத்தையே வலப்புறம் சாய்த்துக் காட்டுகிறது. வளைவுகளும் சுழிகளும் நிறைந்த எழுத்துகள் இவ்வாறு சாயும்போது வடிவம் குலைகின்றன. அவையின் பின்வரிசையில் இருப்பவருக்கு இச்சாய்வு கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம்.

அடிக்கோட்டிலும் இடர் உண்டு. கு, மு, ழு முதலிய எழுத்துகளின் பகுதிகள் அடிநிலைக்குக் கீழே இறங்குகின்றன. கோடு அவற்றை வெட்டிச் செல்வதால் எழுத்தை இனங்காண்பது கடினமாகிறது. தடித்த எழுத்து ஓரளவு பொருந்தும். எனினும், எழுத்துருவில் தடித்த வடிவம் தனியே அமைந்திருக்கவேண்டும். அமையாதபோது மென்பொருள் கோடுகளைத் தானே தடிப்பாக்கும். ஞ, ணை போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டுவிடும். ஆகவே தமிழ்ப் படவில்லையில் கலைச்சொல்லுக்கு முறையான தடித்த எழுத்தையும், எச்சரிக்கைக்குத் தடிப்போடு வண்ணத்தையும், நூற்பெயருக்கு மேற்கோள்குறியையும் பயன்படுத்துவது தக்கது.

மாற்றியமைக்கும் மூன்று இடங்கள்

அழுத்தத்தின் தோற்றத்தை மூன்று இடங்களில் மாற்றியமைக்கலாம்.

முதலாவது, படவில்லையின் வடிவமைப்புக் கோப்பு. உலாவியில் இயங்கும் படவில்லையாயின், 'அழுத்தச் சொல்லைச் சாய்க்காதே, தடித்துக் காட்டு, அடர்நீல வண்ணம் கொடு' என்னும் ஒரு விதியை அக்கோப்பில் எழுதினால் போதும். பீமரில் விழிப்பூட்டும் சொல்லின் வண்ணத்தையும் எழுத்தையும் மாற்றும் கட்டளைகள் உள்ளன. ஒருமுறை எழுதிய விதி எல்லாப் படவில்லைகளுக்கும் பொருந்தும். குறிப்பில் ஓர் எழுத்தையும் மாற்றவேண்டியதில்லை.

இரண்டாவது, மாற்றியின் நடுப்படி. மரமாக அமைந்த பகுப்பு வெளிவடிவம் பெறுமுன், அதனூடே சென்று திருத்தும் சிறு நிரலை இணைக்கலாம். இது வடிகட்டி எனப்படும். 'வெளிவடிவம் படவில்லையாயின் அழுத்தக் கிளையை மிகுந்த அழுத்தக் கிளையாக்கு. கட்டுரையாயின் அவ்வாறே விடு' என அதற்கு ஆணையிடலாம். பாண்டாக், ஆர்க் மோடு ஆகிய இரண்டும் வடிகட்டிகளுக்கு இடமளிக்கின்றன. பாண்டாக் உருவாக்கும் பவர்பாயின்ட் கோப்பில் சாய்வும் தடிப்பும் அவ்வச்சொல்லின் நேரடிப் பண்புகளாக எழுதப்படுகின்றன. வார்ப்புருவின் நிறத்தையோ எழுத்துருவையோ மாற்றுவதால் அவை நீங்கா. அத்தகைய இடத்தில் வடிகட்டியே உரிய வழி.

மூன்றாவது, குறிப்பு. பாண்டாக் ஏற்கும் மார்க்டவுனில், ஒரு சொல்லைச் சதுர அடைப்புக்குள் எழுதி, அடுத்துவரும் நெளி அடைப்புக்குள் அதன் வகைப்பெயரை எழுதலாம். கலிங்கு, மதகு ஆகியவற்றுக்குக் கலைச்சொல் என்னும் வகையும், 'அடைக்கக் கூடாது' என்பதற்கு எச்சரிக்கை என்னும் வகையும் தந்துவிட்டால், ஒவ்வொரு வகைக்கும் ஏற்ற தோற்றத்தை முன்னர்க் கூறிய இரு இடங்களில் ஒன்றில் வரையறுக்கலாம். அழுத்தங்கள் ஒன்றிரண்டு வகையினவாயின் உடுக்குறிகளே போதும். வகைகள் பெருகும்போது பெயரிட்டு எழுதுவது நலம்.

எவ்விடத்தில் மாற்றினாலும் ஒரு நெறி பொதுவானது. குறிப்பில் 'சிவப்பு' என எழுதாமல் 'எச்சரிக்கை' என எழுதவேண்டும். சிவப்பு என எழுதிய குறிப்பு, கறுப்பு வெள்ளையில் அச்சிடும்போது பொருளிழக்கும். எச்சரிக்கை என எழுதிய குறிப்பு, அச்சில் தடித்த எழுத்தாகவும் திரையில் வண்ணமாகவும் உருமாறித் தன் பொருளைக் காத்துக்கொள்ளும்.

விகுதியும் குறியும்

தமிழ், சொல்லின் இறுதியில் உருபுகளையும் விகுதிகளையும் ஏற்கும் மொழி. எனவே, குறி எங்கே முடிகிறது என்பதில் கவனம் தேவை. 'மதகுகளை' என்பதில் 'மதகு' என்னும் பகுதியை மட்டும் குறிக்க விரும்பி *மதகு*களை என எழுதினால், மார்க்டவுன் அதனை ஏற்கும். ஆர்க் மோடு ஏற்காது. அதன் விதிப்படி, முடிக்கும் குறியை அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ வரவேண்டும். அவ்வாறு வராவிடின், உடுக்குறிகள் அழியாமல் படவில்லையில் அப்படியே தோன்றும்.

'கலிங்கை' என்னும் சொல்லில் இடர் வேறு வகையானது. கலிங்கு என்பதோடு ஐகார உருபு சேரும்போது ஈற்று உகரம் கெட்டுக் 'கை' என்னும் உயிர்மெய் தோன்றுகிறது. காண்பதற்கு அது ஓரெழுத்து. ஒருங்குறியிலோ ககரமும் ஐகாரக் குறியும் தனித்தனி இடங்களில் பதிவாகின்றன. அவற்றுக்கு நடுவே உடுக்குறி புகுந்தால், ஐகாரக் குறி தன் மெய்யை இழந்து புள்ளி வட்டத்தோடு தனித்து நிற்கும். இவ்விரு இடர்களையும் தவிர்க்க எளிய வழி, உருபு ஏற்ற சொல்லை முழுமையாகக் குறிக்குள் அடக்குவதே. பகுதியையும் விகுதியையும் புணர்ச்சி ஒன்றாக்கிய பின், அவற்றைத் தோற்றத்தால் பிரிப்பது மொழியின் இயல்புக்கும் ஒவ்வாது.

வண்ணமும் பார்வையும்

வண்ணத்தால் மட்டும் அழுத்தம் தருவது அனைவரையும் சென்றடையாது. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதோர் பலர் உள்ளனர். இணைய உள்ளடக்கத்திற்கான உலகளாவிய அணுகல் நெறிகள், வண்ணத்தை மட்டுமே நம்பிச் செய்தியைத் தெரிவிக்கலாகாது என வரையறுக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு இயல்பான எழுத்துக்கு 4.5:1 என்னும் விகிதத்திலும், பெரிய எழுத்துக்கு 3:1 என்னும் விகிதத்திலும் குறையாது இருக்கவேண்டும் எனவும் அவை கூறுகின்றன. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தின் விகிதம் 21:1. தூய சிவப்பின் விகிதம் ஏறத்தாழ 4:1 மட்டுமே. அழுத்துவதற்காகச் சிவப்பாக்கிய சொல், சுற்றியுள்ள கறுப்புச் சொற்களைவிட மங்கலாகத் தெரிவதும் உண்டு. அடர்ந்த சிவப்பையோ அடர்நீலத்தையோ தேர்ந்து, அதனோடு தடிப்பையும் சேர்த்தால் இக்குறை நீங்கும்.

பார்வைத்திறன் குறைந்தோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் வழியாக உரையைச் செவியால் அறிகின்றனர். பல திரைபடிப்பான்கள், இயல்பு அமைப்பில், தடித்த எழுத்தையோ சாய்வெழுத்தையோ தனியே அறிவிப்பதில்லை. அவர்களுக்கு அழுத்தத்தைக் கொண்டுசேர்ப்பது மொழியே. 'கலிங்கை அடைக்கக் கூடாது' என்பதை 'எக்காரணம் கொண்டும் கலிங்கை அடைக்கவே கூடாது' என எழுதினால், எழுத்தின் தோற்றம் எவ்வாறு மாறினும் எச்சரிக்கை குன்றாது. தேற்ற ஏகாரம் திரையிலும் ஒலிக்கும், செவியிலும் ஒலிக்கும்.

அளவறிதல்

ஒரு சொல் தனித்துத் தெரிவது, சுற்றியுள்ள சொற்கள் இயல்பாக இருப்பதால்தான். ஒரு படவில்லையில் பத்துச் சொற்கள் தடித்திருந்தால் எதுவும் தடித்ததாகத் தோன்றாது. குறிப்பெழுதும்போது ஐயம் தோன்றிய இடத்திலெல்லாம் குறியிட்டு வைப்பதில் தவறில்லை. படவில்லையாக மாற்றுமுன், 'இவ்வரிகளுள் காண்பவர் மறக்கக் கூடாதது எது?' என ஒருமுறை வினவி, விடைக்குரிய சொல்லைத் தவிரப் பிறவற்றின் குறிகளை நீக்கிவிடுதல் நன்று.

எச்சொல் முதன்மையானது என முடிவுசெய்வது எழுதுபவரின் பணி. அம்முடிவை ஒவ்வொரு வடிவத்திலும் பிழையின்றி நிறைவேற்றுவது மென்பொருளின் பணி. முதற்பணியை மென்பொருளின் இயல்புத் தோற்றத்திடம் விட்டுவிடாமல், குறிப்பில் பொருளைத் தெளிவாகக் குறித்து, அதற்குரிய தோற்றத்தைத் தமிழ் எழுத்தின் இயல்பறிந்து அமைத்துக்கொள்பவரின் படவில்லை, அவையின் கடைசி வரிசை வரை தன் கருத்தைக் கொண்டுசேர்க்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பாடநூலின் ஒரு பக்கத்தைத் தேர்ந்து, அதில் தடித்த எழுத்தில் அமைந்த சொற்களைத் தலைப்பு, கலைச்சொல், எச்சரிக்கை என வகைப்படுத்துக.

2. 'மழை', 'மழையே', 'மழைதான்' ஆகியவற்றைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து, அழுத்தம் வேறுபடுவதை விளக்குக.

3. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றைப் பற்றிப் பத்து வரிகளில் எளிய உரைக் குறிப்பு எழுதுக. கலைச்சொற்களையும் எச்சரிக்கைகளையும் வெவ்வேறு குறிகளால் காட்டுக.

4. அக்குறிப்பைப் படவில்லையாக்கி வகுப்பறையின் கடைசி வரிசையிலிருந்து காண்க. அழுத்தம் புலப்படாத இடங்களைக் கண்டறிந்து, அதற்கான காரணத்தைக் கலந்துரையாடுக.